பக்கத்துப் பட்டறைக்கு என் கூரை மின்சாரத்தை நான் ஏன் விற்க முடியவில்லை?

கேள்வி: மேற்குச்சுவர், கோவை

அனைவருக்கும் வணக்கம். சிங்காநல்லூர்ப் பகுதியில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். மத்திய அரசின் சூர்யகர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் பெற்று 5 கிலோவாட் சோலார் பேனல் மாட்டினேன். பிள்ளைகள் இருவரும் வெளியூர் போய்விட்டதால் வீட்டில் நானும் மனைவியும் மட்டுமே இருக்கிறோம். நல்ல வெயில் காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 1,200 யூனிட் உற்பத்தியாகிறது. எங்கள் செலவு 500 யூனிட்டைத் தாண்டுவதில்லை. மிச்சம் 700 யூனிட் இபி கம்பிக்குள் போய் என் கணக்கில் வரவாக நிற்கிறது. ஆனால் ஆண்டு முழுவதும் இதே கதைதான் என்பதால் அந்த வரவை நான் செலவழிக்கப் போவதே இல்லை. ஆண்டு முடிவில் அதனால் எனக்குக் கிடைப்பது, பக்கத்தில் உள்ளவர் ஒரு யூனிட்டுக்குக் கட்டும் விலையின் கிட்டேகூட வராது.

அந்தப் பக்கத்தில் உள்ளவர்தான் என் கேள்விக்குக் காரணம். என் வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு லேத் பட்டறை இருக்கிறது. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட். காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை வேலை. கட்டடம் வாடகைக்கு எடுத்தது, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதன்மேல் பேனல் மாட்ட முடியாது, மாட்ட முடிந்தாலும் கட்டட உரிமையாளர் சம்மதிக்க மாட்டார். தொழிற்சாலை இணைப்பு என்பதால் அவருக்கு யூனிட் 8 ரூபாயை ஒட்டி வருகிறது, நிலைக் கட்டணம் தனி. போன மாதம் ரீடிங் எடுத்த அன்று அவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்டார்: "அண்ணா, உங்களுக்கு மிஞ்சுவதை யூனிட் அஞ்சு ரூபாய்க்கு எனக்குக் கொடுங்களேன், இபிக்கு ஏன் சும்மா கொடுக்கிறீர்கள்?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 700 யூனிட்டுக்கு எனக்கு 3,500 ரூபாய் வரும், அவருக்கு 2,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். இருவருக்கும் லாபமான இந்த வியாபாரத்தைத் தடுப்பது சட்டமா, தொழில்நுட்பமா, அல்லது அரசின் தயக்கமா? வேறு மாநிலங்களில் வீட்டுக்கு வீடு மின்சாரம் விற்கலாம் என்று செய்தியில் படித்தேன். விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இன்னொரு சிறு தகவல், தொடர்பு உண்டா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பன்னிரண்டரை மணிவாக்கில் என் இன்வெர்ட்டர் தானாக நின்று நின்று ஓடுகிறது. திரையில் வோல்டேஜ் அதிகம் என்று காட்டுகிறது. வார நாட்களில் இந்தத் தொல்லை இல்லை.


பதில் 1: சட்டப்புத்தகம்

முதலில் ஓர் எச்சரிக்கை. சுவரைத் தாண்டி ஒரு ஒயரை இழுத்துக் கொடுத்துவிடலாம் என்று இருவரில் யாருக்காவது தோன்றினால் தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். அனுமதிக்கப்பட்ட இடத்தை விட்டு வேறோர் இடத்துக்கு மின்சாரத்தைக் கொடுப்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு. மதிப்பீடு செய்யும் அதிகாரி இரட்டிப்புக் கட்டணம் விதிக்கலாம். அதிலும் வீட்டு இணைப்பிலிருந்து பட்டறைக்குப் போகிறது என்றால் பேச்சே இல்லை. சட்டம் ஒருபுறம் இருக்க, உங்கள் ஒயரில் பிரச்சினை வந்து லைன்மேன் ஒருவர் பாதிக்கப்பட்டால் அந்தப் பழி உங்கள் மேல்தான் விழும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மின்சாரம் உற்பத்தி செய்ய இந்தியாவில் உரிமம் தேவையில்லை. அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு அந்தக் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் மின்சாரத்தைக் கொண்டுசெல்லவும், பகிர்ந்து கொடுக்கவும், வாங்கி விற்கவும் 12ஆம் பிரிவின்படி உரிமமோ விலக்கோ வேண்டும். அதாவது உங்கள் கூரையில் எவ்வளவு வேண்டுமானாலும் விளைவிக்கலாம், சந்தைக்குக் கொண்டுபோகும் வண்டி மட்டும் ஒருவரிடமே இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த மின்நுகர்வோர் உரிமை விதிகள், தாமே உற்பத்தி செய்து தாமே பயன்படுத்தும் உங்களைப் போன்றவர்களை முதன்முறையாகத் தனி வகையாக அங்கீகரித்தன. கம்பிக்குள் ஏற்றிய யூனிட்டை எடுத்த யூனிட்டோடு கழித்துக்கொள்ளும் நெட் மீட்டர் வசதியை 10 கிலோவாட்டோடு நிறுத்த முயன்று, எதிர்ப்புக்குப் பின் 2021 ஜூனில் அதை 500 கிலோவாட் வரை, அல்லது இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு வரை, இரண்டில் எது குறைவோ அதுவரை என்று திருத்தினார்கள். ஆனாலும் நீங்கள் விற்கக்கூடிய ஒரே ஆள் மின்வாரியம்தான் என்ற நிலை அந்த விதிகளிலும் மாறவில்லை.

நீங்கள் செய்தியில் படித்தது உண்மையே. உத்தரப் பிரதேச மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021இல் வீட்டுக்கு வீடு சூரிய மின் வர்த்தகத்துக்கு வழி திறந்தது. அதற்கு முன்பாகவே லக்னோவில் பிளாக்செயின் கணக்கு முறையை வைத்து ஒரு சோதனை நடந்தது. தில்லியிலும் தனியார் விநியோக நிறுவனங்கள் இப்படிச் சோதனை செய்திருக்கின்றன. கர்நாடக ஆணையம் 2024இல் இதற்கென்றே ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. இவை எதிலும் புதிய கம்பி போடுவதில்லை. விற்பவர் வீட்டிலும் வாங்குபவர் வீட்டிலும் ஸ்மார்ட் மீட்டர் இருக்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை யார் எவ்வளவு ஏற்றினார், யார் எவ்வளவு இறக்கினார் என்று மென்பொருள் ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தும் யூனிட்டுக்கு இருவரும் பேசிக்கொண்ட விலை, பொருந்தாததற்கு வழக்கமான கட்டணம். கம்பிக்காரருக்கு ஒரு கட்டணமும் தளம் நடத்துபவருக்கு ஒரு கட்டணமும் நடுவில் கழியும்.

ஆகவே உங்கள் மூன்று சந்தேகங்களில் தொழில்நுட்பத்தை அடித்துவிடலாம். சட்டத்திலும் சுவர் இல்லை; 86ஆம் பிரிவின்படி புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை வளர்க்க வேண்டிய கடமை மாநில ஆணையத்துக்கு இருக்கிறது, வழியும் அதன் கையிலேயே இருக்கிறது. எஞ்சுவது மூன்றாவதுதான்.


பதில் 2: பதினொரு கேவி

மின்துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். முந்தைய பதிலில் சட்டம் சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் "தயக்கம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தொல்லையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முழு விஷயமும் அதற்குள்ளேயே இருக்கிறது. மின்சாரத்துக்கு முகவரி கிடையாது. அருகில் எங்கே லோடு இருக்கிறதோ அங்கே போகும். வார நாளில் உங்கள் கூரையில் மிஞ்சுவது உங்கள் சர்வீஸ் கம்பி வழியாகத் தெருக் கம்பத்துக்கு ஏறி, அடுத்த சர்வீஸ் வழியாக நேராக அந்த லேத்துக்குத்தான் இறங்குகிறது. நீங்கள் விற்க நினைக்கும் சரக்கு ஏற்கனவே அவர் பட்டறைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. சுவரைத் தாண்டாதது பணம் மட்டுமே. ஞாயிறன்று பட்டறை மூடியிருக்கிறது. உங்கள் தெருவில் இன்னும் நாலைந்து கூரைகளில் பேனல் இருக்கும் என்று நினைக்கிறேன். எல்லாம் சேர்ந்து டிரான்ஸ்பார்மரை நோக்கித் தள்ளும்போது கம்பியில் வோல்டேஜ் ஏறுகிறது. 240 வோல்ட்டுக்கு மேல் 6 சதவீதம்வரை பொறுத்துக்கொள்ளலாம், அதாவது 254 வரை. அதைத் தாண்டினால் உங்கள் இன்வெர்ட்டர் தன்னையும் மற்றவர்களையும் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடுகிறது. இது பழுது இல்லை. அந்த நேரத்தில் உங்கள் மின்சாரத்தை வாங்க ஆள் இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது.

இப்போது மாலை ஏழு மணிக்கு வருவோம். உங்கள் பேனலில் ஒன்றுமில்லை. விளக்கு, மின்விசிறி, ஏசி எல்லாம் வாரியத்தின் மின்சாரத்தில் ஓடுகின்றன. மின் பரிமாற்றச் சந்தையில் நண்பகல் விலை சரிந்து கிடக்கும். அதே நாள் மாலையில் உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடுவதும் உண்டு. நெட் மீட்டர் முறை உங்கள் நண்பகல் யூனிட்டையும் மாலை யூனிட்டையும் ஒன்றுக்கு ஒன்று சமமாகக் கழித்துக்கொள்கிறது. வெயிலில் காய்ந்த நெல்லைக் கொடுத்துவிட்டு, இரவில் அதே அளவு சோற்றை வாங்கிக்கொள்வது போன்றது அது. நடுவில் உள்ள அடுப்புச் செலவு யாருடையது என்பதை யாரும் கேட்பதில்லை. உங்கள் 500 யூனிட்டில் நீங்கள் அடையும் லாபமே அதில்தான் இருக்கிறது. அதற்கு மேல் மிச்சத்தையும் 5 ரூபாய்க்கு விற்க வேண்டும் என்கிறீர்கள்.

அடுத்தது அந்த 8 ரூபாய். அது மின்சாரத்தின் விலை மட்டுமல்ல. கம்பி, டிரான்ஸ்பார்மர், இழப்பு, பழுது பார்க்கும் ஆட்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அதோடு வீடுகளுக்கும் விவசாயத்துக்கும் அடக்க விலைக்குக் குறைவாகக் கொடுப்பதில் விழும் துண்டின் ஒரு பகுதியும் அந்தப் பட்டறைக்காரர் தலையில்தான் இருக்கிறது. 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கான மானியத்தை அரசு தருகிறது, ஆனால் மானியம் போக மிச்சமிருக்கும் குறுக்குச் சுமையைத் தொழில், வணிக இணைப்புகள் சுமக்கின்றன. அவர் உங்களிடம் வாங்கத் தொடங்கினால், அந்தச் சுமை சுற்றிச் சுற்றி உங்கள் வீட்டுக் கட்டணத்துக்கே வரும். வாரியம் தயங்குவதற்கு இதுவே முதல் காரணம். இதைச் சொல்லாமல் வேறு காரணம் சொல்வதுதான் தவறு.


பதில் 3: ஆரல்வாய் காற்று

நூற்பாலைக் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். பதினொரு கேவி ஐயா சொன்ன கணக்கை மறுக்கவில்லை. ஆனால் அதே கணக்கு மில்லுக்கு எப்படி வேறு மாதிரி ஆனது என்பதை அவரும் அறிவார்.

தமிழ்நாட்டில் ஒருவர் ஓரிடத்தில் மின்சாரம் விளைவித்து வேறோர் இடத்தில் பயன்படுத்துவது புதுமையே அல்ல. முப்பந்தலில், ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுற்றும் காற்றாலைகளில் பெரும்பகுதி கோவை, திருப்பூர், ராஜபாளையம் மில்களுக்குச் சொந்தமானவை. அங்கே ஏறும் யூனிட் இங்கே கோவையில், சுமார் 400 கிலோமீட்டருக்கு அப்பால், மில்லின் பில்லில் கழிகிறது. ஆனியிலும் ஆடியிலும் வீசும் காற்றைக் கணக்கில் போட்டு வைத்து மார்கழியில் எடுத்துக்கொள்ளும் ஓராண்டுச் சேமிப்பு வசதியும் பழைய காற்றாலைகளுக்கு இருந்தது. பிறகு புதியவற்றுக்கு அதைச் சுருக்கிவிட்டார்கள். இதற்காக நாங்கள் கொண்டுசெல்லும் கட்டணமும், சேமிப்புக் கட்டணமும், வழியில் ஆகும் இழப்புக்கு யூனிட்டிலேயே ஒரு கழிவும் கொடுக்கிறோம். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாதாமாதம் அந்தத் தாளைப் பார்க்கிறேன்: இடது பக்கம் காற்றாலை எண்வாரியாக உற்பத்தி, நடுவில் கழிவு, வலது பக்கம் எங்கள் உயரழுத்த இணைப்பில் சேர்ந்த யூனிட். 400 கிலோமீட்டருக்குப் போடத் தெரிந்த இந்தத் தாளை, 4 அடிச் சுவருக்குப் போட முடியாதா என்பதுதான் கேள்வி கேட்டவரின் கேள்வி.

மில்லுக்கு இன்னொரு சலுகையும் இருக்கிறது. ஒரு மின்நிலையத்தில் 26 சதவீதப் பங்கு வைத்து, அதன் உற்பத்தியில் 51 சதவீதத்தைத் தாங்களே பயன்படுத்தும் கூட்டத்தை 2005ஆம் ஆண்டு விதிகள் "சொந்தப் பயன்பாடு" என்று ஏற்றுக்கொள்கின்றன. ஐயா சொன்ன குறுக்குச் சுமைக் கட்டணம் அப்போது கிடையாது. வாரியத்தின் கம்பி வழியாகவே வேறொருவரின் பசுமை மின்சாரத்தை வாங்க வழிசெய்யும் திறந்த அணுகல் விதிகள் 2022இல் வந்தன; அவை 100 கிலோவாட் லோடு உள்ளவர்களுக்கும் கதவைத் திறந்தன; சொந்தப் பயன்பாடு என்றால் அந்த வரம்புகூட இல்லை. காகிதத்தில் பார்த்தால் நீங்களும் பட்டறைக்காரரும்கூடச் சேரலாம். நடைமுறையில் அந்த மீட்டர், அந்த ஒப்பந்தம், அந்த விண்ணப்பக் கட்டு எல்லாமே மில் அளவுக்குத் தைத்த சட்டை. 5 கிலோவாட் ஆள் போட்டால் தரையில் புரளும்.

பெரியவர்களுக்கு மட்டும்தான் முடியும் என்றும் சொல்லிவிட முடியாது. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006இல் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை உடுமலைப் பக்கம் மைவாடியில் வாங்கி நிறுத்தியது. ஊராட்சியின் சொந்தப் பணம் கொஞ்சம், மிச்சம் வங்கிக் கடன். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கழித்தது போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனைக் கட்டியது. ஒரு சிற்றூரின் ஊராட்சி அலுவலகம் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டது. எனவே "சிறியவர்களுக்கு நிர்வாகம் செய்வது கடினம்" என்ற வாதத்தை நான் அவ்வளவாக மதிப்பதில்லை.

பதினொரு கேவி ஐயாவிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நம் கொண்டுசெல்லும் கட்டணம் தபால் தலை போன்றது. தூரம் எவ்வளவானாலும் ஒரே விலை. பக்கத்து சர்வீஸுக்குப் போகும் யூனிட் 110 கேவி லைனையும் துணைமின் நிலையத்தையும் தொடவே இல்லை, தெருக் கம்பியை மட்டும் தொட்டது. அதற்கும் முழுத் தபால் தலையா? ஆஸ்திரியாவில் 2021இல் வந்த சட்டத்தில் ஒரே தாழ்வழுத்த வலைக்குள் மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் குழுக்களுக்கு யூனிட்டுக்கான வலைக் கட்டணத்தில் 57 சதவீதம் குறைத்துக் கொடுக்கிறார்கள். எந்தக் கம்பியைத் தொட்டதோ அந்தக் கம்பிக்குக் கட்டணம் என்ற கொள்கைதான் அது. இங்கே நடப்பது நேர் எதிரானது. நம் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு, கூரையில் விளைந்து அதே கட்டடத்துக்குள்ளேயே செலவான யூனிட்டுக்கும் நெட்வொர்க் கட்டணம் போட்டார்கள். கம்பியையே தொடாத யூனிட்டுக்குக் கம்பிக் கட்டணமா என்று கேட்டு கேட்டுத்தான் 2023இல் சிறு தொழில்களுக்கு அதைப் பாதியாக்கினார்கள்.


பதில் 4: மூன்றாம் மாடி

நான் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவன். எனக்குக் கூரையும் இல்லை, சுவரும் இல்லை. இந்த விவாதம் முழுவதும் கூரை உள்ளவர்களைப் பற்றியே போவதால் ஒன்றை மட்டும் பதிவு செய்கிறேன். எங்கள் மொட்டை மாடியில் பேனல் மாட்டினாலும் அது லிப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஓடும் பொது மீட்டரில்தான் கழியும். வீட்டு மீட்டருக்கு வராது. தில்லி ஆணையம் 2019இலேயே ஒரே சோலார் நிலையத்தின் உற்பத்தியைப் பல நுகர்வோரின் பில்களில் பங்கு போட்டுக் கழிக்கும் வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. அதில் விற்பனை என்ற சொல்லே இல்லை, அனைவரும் பங்குதாரர்கள். மேற்குச்சுவர் அவர்களும் "விற்க வேண்டும்" என்று கேட்பதற்குப் பதிலாக "என் பேனலில் பட்டறைக்காரரைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்" என்று கேட்டால் பாதை சுருங்கும் என்று தோன்றுகிறது.


பதில் 5: வல்லைவெளி, யாழ்ப்பாணம்

இலங்கை அனுபவத்தையும் சொல்லி வைக்கிறேன், ஏனெனில் நீங்கள் போக நினைக்கும் பாதையில் நாங்கள் கொஞ்சத் தூரம் முன்னே போய்விட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

2016 செப்டெம்பரில் சூரிய பல சங்கிராமய என்ற பெயரில் அரசாங்கம் கூரைச் சூரிய மின் திட்டத்தைத் தொடங்கியது. மூன்று முறைகள் இருந்தன. முதலாவதில் மிஞ்சும் அலகுகளை வரவு வைத்து அடுத்த பட்டியலுக்குக் கொண்டுபோகலாம், காசு கிடையாது. இரண்டாவதில் பாவித்தது போக மிச்சத்துக்குக் காசு. மூன்றாவதில் உற்பத்தி முழுவதையும் தனி மானியில் இலங்கை மின்சார சபைக்கு விற்றுவிட்டு, பாவனைக்குத் தனியே கட்டணம் கட்டுவது. விலை, 20 வருட ஒப்பந்தத்தில் முதல் 7 வருடத்துக்கு அலகு 22 ரூபாவும் அதன் பின் 15.50 ரூபாவும். ஆக, எங்கள் சிறு உற்பத்தியாளர் பக்கத்து வீட்டுக்கு விற்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சபையே நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய காசில் கூரை முழுக்கப் பலகை போட்டு, அதையே ஓய்வூதியம் போல வைத்திருக்கும் பெற்றோர் பலரை எனக்குத் தெரியும்.

பிறகு நண்பகல் பிரச்சினை வந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகச் சொல்லப்பட்ட கோளாறில் நாடு முழுக்க மின்சாரம் நின்றது. குரங்கைப் பற்றி உலகமே சிரித்தது. ஆனால் மின்தேவை குறைந்த ஞாயிறு, சூரிய மின்சாரத்தின் பங்கு கூடிய நேரம், திடீர்க் கோளாறைத் தாங்கிக்கொள்ளும் பெரிய சுழலிகள் குறைவாக ஓடிய வலை. அதனால்தான் ஒரு கோளாறு முழு நாட்டையும் இழுத்துக்கொண்டு போனது. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, கூரைப் பலகைகளைப் பகலில் அணைத்து வைக்கும்படி சபை கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகள் பூட்டிக் கிடந்தால் நண்பகல் மின்சாரம் எங்கே போகும்? உங்கள் ஞாயிற்றுக்கிழமை இன்வெர்ட்டர் நிற்பதைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது, அளவுதான் வேறு.

அதே வருடம் புதிதாக இணைபவர்களுக்கான விலையைக் குறைத்தார்கள். 5 கிலோவாட் வரை 20.90 ரூபா, கொள்ளளவு கூடக் கூட இன்னும் குறைவு. அதேநேரம் மின்கலத்தில் சேமித்து மாலை உச்ச நேரத்தில் வலைக்குக் கொடுத்தால் அலகுக்கு 45.80 ரூபா என்று அறிவித்தார்கள். நண்பகல் அலகுக்கும் மாலை அலகுக்கும் இடையே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். மின்பொறியியலாளர் ஐயா சொன்ன நெல்லும் சோறும் எங்கள் நாட்டில் இப்போது விலைப்பட்டியலிலேயே வந்துவிட்டன.


பதில் 6: பதினொரு கேவி

ஆரல்வாய் காற்று நண்பரின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். தெருக் கம்பியை மட்டும் தொட்ட யூனிட்டுக்கு முழுக் கொண்டுசெல்லும் கட்டணம் வாங்குவது நியாயமில்லை என்றே நானும் நினைக்கிறேன். அதைப் பிரித்து வாங்கத் தடையாக இருந்தது மீட்டர்தான். எந்த யூனிட் எந்த டிரான்ஸ்பார்மருக்குள் முடிந்தது என்பதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரீடிங் சொல்லாது. கால்மணிக்கு ஒருமுறை பதியும் ஸ்மார்ட் மீட்டர் சொல்லும். டிரான்ஸ்பார்மருக்கும் ஒரு மீட்டர் வைத்துவிட்டால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியதைப் படித்தபின் என் முதல் பதிலில் ஒரு திருத்தமும் செய்ய வேண்டியிருக்கிறது. மிச்சத்தைப் பட்டறைக்கு விற்பது, நெட் மீட்டரில் ஏற்கனவே கிடைக்கும் லாபத்தின் மேல் இன்னொரு லாபம் என்று எழுதினேன். அது முழுச் சரியல்ல. பட்டறை பகலில் ஓடுகிறது, உங்கள் பேனலும் பகலில்தான் விளைகிறது. அந்த யூனிட் விளைந்த கால்மணிக்குள்ளேயே செலவாகிறது. யாரும் அதைச் சுமந்து மாலைவரை வைத்திருக்க வேண்டியதில்லை. கம்பிக்காரர் பார்வையில், நீங்கள் கணக்கில் போட்டுவைத்து இரவில் எடுக்கும் யூனிட்டை விடப் பட்டறைக்கு விற்கும் யூனிட்தான் தொல்லை குறைந்தது. அதற்காகத் தெருக் கம்பிக் கட்டணமும் குறுக்குச் சுமையில் ஒரு பங்கும் கழித்துக்கொண்டால் உங்கள் 5 ரூபாயில் எவ்வளவு நிற்கும் என்பது வேறு விஷயம். மூன்று ரூபாய்க்கு மேல் நிற்காது என்பது என் மதிப்பு. ஆனால் இப்போது கிடைப்பதை விட அது மேல்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு யோசனை. தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் மூன்றையும் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் ஓட்டுங்கள். அதற்கும் வோல்டேஜ் இறங்கவில்லை என்றால் டிரான்ஸ்பார்மரில் டாப், அதாவது வெளிவரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, மாற்ற வேண்டியிருக்கலாம். உங்கள் பகுதி உதவிப் பொறியாளரிடம் தேதி, நேரம், வோல்டேஜ் மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் நாங்கள் மறந்துவிடுவோம். இது எங்கள் துறையின் பழைய பழக்கம்.


கேள்வி கேட்டவர்: மேற்குச்சுவர், கோவை

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி மூன்று ஞாயிறு குறித்து வைத்தேன். முதல் வாரம் ஒன்றும் மாற்றாமல் விட்டேன்; பன்னிரண்டே முக்காலுக்கு 257 காட்டி நின்றது. அடுத்த வாரம் மோட்டாரும் கிரைண்டரும் ஓட்டினோம். 252க்கு மேல் போகவில்லை, நிற்கவும் இல்லை. மூன்றாம் வாரம் அவசர ஜாப் ஆர்டர் என்று பட்டறையை ஞாயிறும் திறந்திருந்தார். வீட்டில் எதையும் ஓட்டாமலேயே 243. பட்டறைக்காரரை அழைத்து வந்து இன்வெர்ட்டர் திரையைக் காட்டினேன். லேத்தை நிறுத்திவிட்டு வந்தவர், எண் ஏறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ அண்ணா, இத்தனை நாளும் உங்கள் கரண்டில்தான் நான் கடைசல் போட்டுக்கொண்டிருந்தேனா, அதுக்குத்தான் இபிக்கு எட்டு ரூபாய் கட்டினேனா?" என்று கேட்டார். ஐயா விளக்கிய குறுக்குச் சுமையை எனக்குத் தெரிந்த அளவில் சொல்லிப் பார்த்தேன். பாதி ஒப்புக்கொண்டார், பாதி ஒப்புக்கொள்ளவில்லை.

ஒயர் இழுக்கப் போவதில்லை. ஆணையம் அடுத்த கட்டண ஆணைக்குக் கருத்துக் கேட்கும்போது நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். மூன்றாம் மாடி நண்பர் சொன்னதுபோல் விற்பனை என்று எழுதாமல் பங்கு என்று எழுதப்போகிறோம். ஒரே டிரான்ஸ்பார்மருக்குள் முடியும் யூனிட்டுக்குத் தெருக் கம்பிக் கட்டணம் மட்டும் என்று கேட்கப்போகிறோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை எண்களையும் அதோடு இணைக்கலாமா, அல்லது அது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியுமா என்று ஆரல்வாய் காற்று அவர்கள் சொன்னால் நல்லது. அவர்தான் இப்படிப்பட்ட மனுக்களைப் பார்த்திருப்பார்.


பதில் 7: ஆரல்வாய் காற்று

கட்டாயம் இணையுங்கள். மில் சங்கங்கள் கொடுக்கும் மனுவில் பக்கம் பக்கமாகச் சட்டப் பிரிவுகள் இருக்கும். 257, 252, 243 என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. தேதியும் மணியும் விடாமல் போடுங்கள், இன்வெர்ட்டர் திரையைப் படம் எடுத்து வையுங்கள். பட்டறைக்காரரின் மின் இணைப்பு எண்ணையும் உங்கள் எண்ணையும் எழுதி, இரண்டும் எந்த டிரான்ஸ்பார்மரில் இருக்கின்றன என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள். அது கம்பத்திலேயே பெயின்டில் எழுதியிருக்கும்.